வாசகர் கேள்வி பதில்: வளவுக்குள் ஓடும் நீராவிக் கோச்சி

மெய்யான நெருப்பும் மெய்யான நீராவியும் கொண்டு ஓடும் சிறு மாதிரிப் புகையிரத இயந்திரங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான குறிப்பை அடுத்து வந்த கடிதங்களுக்கு இம்மாதப் பகுதி முழுவதும் ஒதுக்கப்படுகிறது. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒருவருடைய கடிதம் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

கேள்வி: இலண்டனிலுள்ள என் சித்தப்பா 32 மில்லிமீற்றர் தண்டவாளத்தில் (இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலம்) ஓடும், வாயுவால் எரியும் இயந்திரம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். காய்ச்சி வடித்த நீர் அல்லது சுத்தமான மழைநீர் மட்டுமே பாவிக்க வேண்டும் என்று அதனுடன் வந்த கைநூல் சொல்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடிக்க நல்ல தண்ணீர். அதைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, துணியில் வடித்துப் பாவித்தால் போதாதா?
— வாசகர், கோண்டாவில்

பதில்: போதாது. குடிப்பதற்கு நல்ல நீர் என்பதும் கொதிகலனுக்கு நல்ல நீர் என்பதும் வேறு வேறு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தங்கி நிற்பதால், அதில் கல்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் நிறையக் கரைந்திருக்கின்றன. உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் படிந்திருக்கும் வெள்ளைப் படையை விரல் நகத்தால் ஒரு தரம் சுரண்டிப் பாருங்கள். அதே படைதான் கொதிகலனுக்குள்ளும் உருவாகும். கேத்தலைத் தேய்த்துக் கழுவிவிடலாம். நாற்புறமும் மூடி ஒட்டப்பட்ட செப்புக் கொதிகலனுக்குள் கை நுழையாது.

கொதிக்க வைப்பதால் நீரின் தற்காலிக வன்மை மாத்திரமே, அதாவது இருகாபனேற்றுகளால் வருகின்ற பங்கு மாத்திரமே, படிவாக இறங்கும். சல்பேற்றுகளும் குளோரைட்டுகளும் நீரிலேயே தங்கிவிடும். அது மட்டுமன்றி, கொதிக்கும்போது நீரின் ஒரு பகுதி ஆவியாகிப் போவதனால் எஞ்சிய நீரில் அவற்றின் செறிவு முன்னையிலும் சற்றுக் கூடிவிடும். துணி வடிப்பு தூசியைத்தான் பிடிக்கும், கரைந்த உப்பைப் பிடிக்காது. கொதிகலனுக்குள் நடப்பதும் இதுவே: நீராவியாக வெளியேறுவது நீர் மட்டும், அது கொண்டுவந்த உப்பெல்லாம் உள்ளேயே நின்றுவிடும். கடலோரக் கிணறுகளில் உவர் ஏறியிருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் குளோரைட்டு பித்தளைப் பாகங்களை அரிக்க வல்லது.

படிவினால் வரும் கேடுகளில் வெப்பம் கடத்தப்படுவது குறைவதும் எரிபொருள் வீணாவதும் சிறியவை. நீர்மட்டக் கண்ணாடிக் குழாய்க்குச் செல்லும் நுண்ணிய துவாரம் அடைபடுவதே பெரிய கேடு. துவாரம் அடைபட்டால் கண்ணாடியில் நீர் அரைவாசிக்கு அசையாமல் நிற்கும். உள்ளே கொதிகலன் வறண்டுகொண்டிருக்கும். சிறு குழாய் என்பதால் படிவு இல்லாதபோதுகூட நீர்க்குமிழி ஒன்று நடுவில் சிக்கிப் பொய் மட்டம் காட்டுவதுண்டு. ஓடும்போது நீர்மட்டம் சிறிது துள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். துள்ளாத மட்டத்தை நம்பாதீர்கள்; அடியிலுள்ள வடிகால் வால்வைக் கணநேரம் திறந்து மூடி, நீர் திரும்பவும் அதே இடத்துக்கு விரைவாக ஏறுகிறதா என்று பாருங்கள்.

மழைநீர் எங்களுக்குக் கிடைப்பது ஐப்பசியிலிருந்து மார்கழி வரை. முதல் சில மழைகளைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அதன் பின்னர் பெய்வதை, கூடுமானால் கூரையில் படாமல் வெளியில் வைத்த சுத்தமான பாத்திரத்தில் நேரடியாகப் பிடித்து, மெல்லிய துணியில் வடித்துக் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து நிழலில் வைத்தால் அடுத்த சோளகம் முடியும் வரை தாராளமாகப் போதும். இவ்வளவு சிறிய இயந்திரம் ஒரு ஓட்டத்துக்குக் குடிப்பது ஒரு தேநீர்க் கோப்பை அளவுகூட இராது. மழைநீர் தீர்ந்தால் காய்ச்சி வடித்த நீரை வாங்குங்கள். பற்றறிக்கு ஊற்றும் நீரை வாங்குவதானால் அது வெறும் நீர்தானா, அமிலம் கலந்ததா என்பதைச் சீட்டில் வாசித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே தட்டில் ஒரே மாதிரிப் போத்தலில் நிற்பதைக் கண்டிருக்கிறேன். அயன் நீக்கிய நீரை, அதாவது காய்ச்சி வடிக்காமல் வேறு முறையில் உப்பு அகற்றிய நீரை, சில தயாரிப்பாளர்கள் ஏற்பதில்லை என்பதால் அவ்விடயத்தில் கைநூல் சொல்வதே முடிவு.

ஏற்கெனவே கிணற்று நீரை ஊற்றிவிட்டவர்கள் சித்திரிக் அமிலத் தூளை நன்கு ஐதாகக் கரைத்து, குளிர்ந்த கொதிகலனில் சில மணிநேரம் நிற்கவிட்டு, பல தரம் அலசிவிடலாம். தேசிக்காய்ப் புளியிலும் அதே அமிலம்தானே என்று கேட்கக்கூடும். அமிலம் அதேதான், ஆனால் புளியோடு சேர்ந்து சதையும் சீனியும் உள்ளே போகும். தேசிக்காயைச் சொதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இயந்திரத்தின் சிறு வாயுத் தாங்கியை வீட்டுச் சமையல் எரிவாயுச் சிலிண்டரிலிருந்து நிரப்ப ஏதேனும் இணைப்பு செய்யலாமா? சிறு குடுவைகள் விலை அதிகமாக இருக்கின்றன.
— வாசகர், சாவகச்சேரி

பதில்: செய்ய வேண்டாம். இதில் விலை பார்ப்பது தவறு.

சமையல் எரிவாயு புறப்பேனும் பியூற்றேனும் சேர்ந்த கலவை. 30 பாகை செல்சியசில் தூய பியூற்றேன் வளிமண்டலத்துக்கு மேலாக ஏறத்தாழ 1.8 பார் அமுக்கத்தையே தரும். அதே வெப்பநிலையில் தூய புறப்பேன் 10 பாரை அண்மிக்கும். கலவையில் புறப்பேனின் பங்கு கூடக்கூடத் தாங்கியின் அமுக்கமும் ஏறும். அந்தப் பங்கு எவ்வளவு என்பது சமையலறையில் இருக்கும் உங்களுக்குத் தெரியாது; 2021ஆம் ஆண்டின் இறுதியில் இக்கலவை விகிதம் பற்றி நாடு முழுவதும் எழுந்த சர்ச்சை பலருக்கு நினைவிருக்கும். இதற்கு மேல், வீட்டில் செய்த இணைப்பு கசிந்தால் வெளியேறும் வாயு காற்றிலும் பாரமானது என்பதால் தரையோடு படர்ந்து அடுப்படி மூலையில் தேங்கும்.

கைநூல் எந்த வாயுவைச் சொல்கிறதோ அதையே பாவியுங்கள். பியூற்றேன் என்று சொன்னால், கையடக்க அடுப்புகளுக்கும் லைற்றர்களுக்கும் விற்கப்படும் குடுவைகளில் பியூற்றேன் மட்டுமே உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். நிரப்புவது வெளியில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல், இயந்திரம் குளிர்ந்த நிலையில் நடக்க வேண்டும். குடுவையைத் தலைகீழாகப் பிடித்து நேராக அழுத்தினால் திரவம் இறங்கும். வால்வைச் சுற்றி வெண்மையாகச் சீறத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, சிந்திய வாயு காற்றில் கலைந்து போகும்வரை சற்று விலகி நின்று, அதன் பின்னரே தீக்குச்சியை எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கைநூல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. பியூற்றேன் ஆவியாகும்போது தாங்கியின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், அங்கே தாங்கி குளிர்ந்துபோய்ச் சுடர் தளர்ந்துவிடும். அதைத் தடுக்கச் சிலர் தாங்கியைச் சுற்றி வெந்நீர் வைக்கிறார்கள். எங்கள் சித்திரை வெயிலில் சிக்கல் நேர்மாறானது. இயந்திரத்தை வெயிலில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் தாங்கியின் அமுக்கம் ஏறி, பற்றவைத்ததும் சுடர் இரைந்துகொண்டு சுடர்க்குழாயின் வாயிலிருந்து விலகி அணையும். தாங்கியை நிழலில் வையுங்கள். வாயு வால்வை மயிரிழை அளவே திறந்து பற்றவைத்து, சுடர் குழாய்க்குள் ஒதுங்கி மெல்லிய முணுமுணுப்பாக மாறிய பின்னர் சிறிது சிறிதாகத் திறவுங்கள். உரத்த இரைச்சல் கூடுதல் வெப்பம் என்று எண்ணுபவர்கள் உண்டு. அப்படியன்று, எரியாத வாயு புகைபோக்கியால் போகிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

கேள்வி: பத்து வயது மகனிடம் இதைத் தனியே கொடுக்கலாமா?
— வாசகி, மானிப்பாய்

பதில்: கொடுக்கக் கூடாது. சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல் அமுக்கத்தில் ஓடும் சாதாரண சிறு இயந்திரத்தின் உள்ளே நீரின் வெப்பநிலை 141 பாகை செல்சியசு அளவில் இருக்கும். பக்கத்தில் நின்று பார்க்கட்டும், பெட்டிகளைக் கொளுவட்டும், எண்ணெய் விடட்டும். நெருப்பும் வால்வும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

கேள்வி: என் இயந்திரம் ஓடத் தொடங்கும்போது புகைபோக்கியிலிருந்து கொதிநீரும் எண்ணெயும் சட்டையில் தெறிக்கின்றன. இது பழுதா? மேலும், நீராவி எண்ணெய் என்று தனியே ஒன்று தேவையா, மோட்டார் வண்டி எண்ணெய் போதாதா?
— மாணவர், கொக்குவில்

பதில்: பழுதில்லை. குளிர்ந்த உருளைக்குள் நுழையும் முதல் நீராவி உலோகத்தைத் தொட்டதும் நீராக மாறிவிடும். நீர் சுருங்காது என்பதால் உருளைக்குள் முன்பின் ஓடும் முசலம் (பிஸ்டன்) அதைத் தள்ள முடியாமல் சக்கரம் திணறும். திசைமாற்றியை முன்னும் பின்னுமாக மாற்றி, இயந்திரத்தைக் கையால் மெல்ல முன்பின் உருட்டிக்கொடுத்தால் அந்த நீர் புகைபோக்கி வழியே துப்பப்படும். உருளை சூடேறியதும் துப்பல் நின்று மெல்லிய வெண்புகை வரும். புகைபோக்கிக்கு மேலே முகத்தை நீட்டாமல் ஒரு பழைய துணியைப் பிடியுங்கள்.

எண்ணெய் விடயம் அதைவிட முக்கியமானது. சிறு இயந்திரங்களில் எண்ணெய் விடும் கலத்துக்கு அசையும் பாகம் எதுவும் கிடையாது. நீராவிக் குழாயோடு ஒரு நுண்துளையால் இணைந்த சிறு செப்புக் கலம் அது. அதனுள் புகும் நீராவி குளிர்ந்து நீர்த்துளியாகிறது; நீர் எண்ணெயிலும் பாரம் என்பதால் அடிக்குப் போய்விடுகிறது; கீழே நீர் சேரச் சேர மேலே நிற்கும் எண்ணெய் அதே அளவு உயர்ந்து, துளை வழியே சொட்டுச் சொட்டாக நீராவிக்குள் கலந்து உருளைக்குப் போகிறது. இதில் மோட்டார் எண்ணெயை விட்டால் அது நீரோடு கலந்து பால்போலக் குழம்பாகும். வெப்பத்தில் நீர்த்தும் போகும். நீராவி எண்ணெய் மிகத் தடிப்பானது, கொழுப்புச் சேர்த்துச் செய்யப்படுவது, ஈரமான சூட்டிலும் உலோகத்தைப் பற்றி நிற்பது. 460 என்ற தடிப்பு எண் கொண்டதையே பெரும்பாலானோர் பாவிக்கிறார்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும், சூடு தணிந்து அமுக்கம் முற்றாக இறங்கிய பின்னர், கலத்தின் அடியில் நிற்கும் நீரைச் சிறு ஊசிக்குழாயால் இழுத்து எடுத்துவிட்டுப் புதிய எண்ணெய் நிரப்ப வேண்டும். நல்லெண்ணெய் விடலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். சில ஓட்டங்களில் பிசினாகி வால்வைப் பிடித்துக்கொள்ளும், விட வேண்டாம்.

கேள்வி: கொதிகலனை இங்கேயே ஒரு பட்டறையில் செய்வித்துக்கொள்ளலாமா? எனக்குத் தெரிந்த நகைத்தொழிலாளர் ஒருவர் கஸ்தூரியார் வீதியில் இருக்கிறார். மிக நேர்த்தியாக ஒட்டுவார்.
— வாசகர், சுன்னாகம்

பதில்: கைத்திறன் உண்டு என்பதில் ஐயமில்லை, பொருளும் சோதனையும்தான் கேள்வி. கொதிகலனின் உடலும் தகடுகளும் செம்பாக இருக்க வேண்டும். வால்வுகள் திருகப்படும் கழுத்துகள் வெண்கலமாக இருக்க வேண்டும். பித்தளையைச் சூடான நீர் நாட்பட அரித்து அதிலுள்ள நாகத்தை (துத்தநாகத்தை) வெளியேற்றிவிடும், எஞ்சுவது பஞ்சுபோன்ற செம்பே. ஒட்டுவது வெள்ளிப் பற்றாசினால் இருக்க வேண்டும். அது 600 பாகைக்கு மேலேயே உருகும். மின்சுற்றுக்குப் பாவிக்கும் ஈயப் பற்றாசு 183 பாகை அளவிலேயே இளகத் தொடங்குவதால், 141 பாகையில் வேலை செய்யும் கலத்துக்கு அதை நம்ப முடியாது; நீர் வற்றிய கணத்தில் ஒட்டு பிரிந்துவிடும். தட்டையான தகடுகளுக்கு உள்ளே தாங்குதண்டுகள் வேண்டும், ஏனெனில் உருளை வடிவம் அமுக்கத்தைத் தாங்குவதுபோல் தட்டை தாங்காது. நகைத்தொழிலாளர் பழகியது சிறு பொருளை. செப்புக் கொதிகலனோ வெப்பத்தை முழு உடலிலும் பரப்பிவிடும் என்பதால் பெரிய சுடரும் அதற்குரிய செங்கல் அடுப்பும் தேவைப்படும்.

செய்து முடித்ததும் நெருப்பைக் காட்டாதீர்கள். கொதிகலனைக் காற்று ஒரு துளியும் மிஞ்சாதபடி குளிர்ந்த நீரால் நிரப்பி, கைப்பம்பியால் வேலை அமுக்கத்தின் இரு மடங்குக்கு ஏற்றிப் பிடித்து வைத்துப் பாருங்கள். 40 இறாத்தலில் ஓடப்போவது 80 இறாத்தலில் அசையாமல் நிற்க வேண்டும்: அமுக்கமானியின் முள் இறங்கக் கூடாது, தகடு புடைக்கக் கூடாது, வியர்வைபோல்கூட நீர் கசியக் கூடாது. காற்றால் சோதிப்பது ஆபத்து. அமுக்கிய காற்று சக்தியைச் சேமித்து வைத்திருக்கும், கலம் பிளந்தால் சிதறடிக்கும். நீரோ ஒரு துளி வெளியேறியதும் அமுக்கத்தை இழந்துவிடும். பழைய இயந்திரம் வாங்குபவர்களும் இச்சோதனையை ஒன்றரை மடங்கிலாவது செய்யாமல் பற்றவைக்கக் கூடாது. விற்பவர் மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

கேள்வி: சிறு வயதில் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு வரும் கரிக்கோச்சியைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த இயந்திரத்தின் மாதிரியை 45 மில்லிமீற்றர் தண்டவாளத்தில் செய்விக்க விரும்புகிறேன். இயலுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பருத்தித்துறை

பதில்: ஐயா, ஓடும் இயந்திரம் இயலும், அளவு பிசகாத மாதிரி 45 மில்லிமீற்றரில் இயலாது. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் தொடங்கி 1905இல் கொழும்போடு இணைந்த எங்கள் வடக்குப் பாதை 1676 மில்லிமீற்றர் அகலமானது. 45 மில்லிமீற்றர் தண்டவாளமோ 1435 மில்லிமீற்றர் பாதையை 32இல் ஒரு பங்காகச் சுருக்கியதால் வந்தது. எங்கள் அகலப் பாதையை அதே 32இல் ஒரு பங்காக்கினால் 52 மில்லிமீற்றருக்குச் சற்று மேலே வரும். 45க்குள் அடக்க வேண்டுமானால் அளவை 37இல் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். அப்போது இயந்திரம் சிறிதாகி, கடையில் வாங்கும் பெட்டி எதுவும் அதற்குப் பொருந்தாது.

என்னிடம் கேட்டால், 32இல் ஒரு பங்கு அளவிலேயே உடலைச் செய்து, தண்டவாளம் 7 மில்லிமீற்றர் ஒடுங்கியிருப்பதைப் பொறுத்துக்கொள்வேன். 1920களின் இறுதியில் வந்து, ஆளுநர்களின் பெயர்களைத் தாங்கி ஓடிய பீ1 வகை இயந்திரத்துக்கு முன்னே நான்கு சிறு சக்கரங்களும் பின்னே ஆறு இயக்கச் சக்கரங்களும் உண்டு. முன்னாலிருந்து பார்ப்பவருக்கே அந்த ஒடுக்கம் தெரியும், பக்கவாட்டில் ஓடிப்போகும்போது தெரியாது. அளவு பிசகுவது மனத்துக்கு ஒவ்வாவிட்டால் களனிப் பள்ளத்தாக்குப் பாதையை எண்ணிப் பாருங்கள். அகலப் பாதையாக்கப்படுமுன் அது 762 மில்லிமீற்றர் ஒடுக்கப் பாதை. 17இல் ஒரு பங்காகக் கொண்டால் 45 மில்லிமீற்றருக்குக் கச்சிதமாக வரும், கொதிகலனும் பெரிதாக அமையும். கொதிகலன் பெரிதாவது சிறு விடயமன்று. எடுத்துக்காட்டாக, ஓர் இயந்திரத்தை 19இல் ஒரு பங்காக்கினால் அதன் மேற்பரப்பு 361இல் ஒன்றாகவும் கனவளவு 6859இல் ஒன்றாகவும் குறைகிறது. அதாவது உள்ளே உள்ள நீரின் அளவோடு ஒப்பிடும்போது வெப்பம் தப்பும் பரப்பு 19 மடங்கு கூடிவிடுகிறது. மாதிரி சிறுக்கச் சிறுக்க நெருப்பின் பெரும் பகுதி காற்றைச் சூடாக்கவே போய்விடும்.

எதைத் தெரிந்தாலும், செய்விக்குமுன் 2014இல் திறக்கப்பட்ட கடுகண்ணாவ தேசியப் புகையிரத அருங்காட்சியகத்துக்கு ஒரு தரம் போய்வாருங்கள். அளவு நாடாவையும் கொண்டுபோனால் நல்லது. படத்தில் தெரியாத ஆணித்தலைகளும் குழாய் வளைவுகளும் அங்கே நின்று பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: ஸ்பிரிட், வாயு, நிலக்கரி என்ற மூன்றில் எங்கள் ஊருக்கு எது ஏற்றது? தண்டவாளத்தை முற்றத்து மண்ணிலேயே போடலாமா?
— வாசகர், காரைநகர்

பதில்: சோளகம் வீசும் கடலோரத்தில் ஸ்பிரிட் சுடர் அலைக்கழியும். அதைவிட, ஸ்பிரிட் எரிவது பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. சிந்திய ஸ்பிரிட் தண்டவாளத்தோடு எரிந்துகொண்டிருப்பதை ஒருவர் கையை வைத்த பின்னரே அறிவார். ஆயினும் அதில் ஒரு நன்மை உண்டு: ஸ்பிரிட்டை நீர் முடியுமுன் தீர்ந்துபோகும் அளவுக்கு அளந்து விடலாம், அப்போது கொதிகலன் வறளாது. வாயுவிலும் இதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். தாங்கியை நிரப்பும் ஒவ்வொரு முறையும் நீரையும் நிரப்புங்கள். நிலக்கரி தேர்ந்தவர்களுக்கு உரியது. சிரட்டைக்கரியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தொடக்கத் தீ மூட்டலாமே தவிர, நல்ல நீராவி நிலக்கரியை இங்கே தேடி அலைய வேண்டியிருக்கும். புதியவருக்கு வாயுவே என் தெரிவு, காற்றடங்கிய காலை நேரத்தில்.

முற்றத்து மண்ணில் தண்டவாளத்தைப் போடாதீர்கள். மணல் அள்ளுண்டு சக்கரத்துக்குள் போகும். மாரியில் வெள்ளம் நிற்கும். மரக் கட்டைகளைக் கறையான் தின்றுவிடும். இடுப்பளவு உயரத்தில் சீமெந்துக் கற்களை அடுக்கி, அதன் மேல் வைரம் பாய்ந்த பனஞ்சலாகையை வைத்தால் குனிய வேண்டிய தேவையும் இல்லை. மட்டம் பார்ப்பதில் சோம்பல் கூடாது: தொலைக்கட்டுப்பாடு இல்லாத இயந்திரம் சிறிய ஏற்றத்தில் நின்றுவிடும், இறக்கத்தில் தடம்புரளும் வேகத்தில் பாயும். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் பித்தளைத் தண்டவாளம் நல்லது; ஆனால் 10 மீற்றர் பித்தளை, வெப்பநிலை 30 பாகை ஏறும்போது, ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் நீளும். இணைப்புகளில் இடைவெளி விடாமல் காலையில் இறுக்கிப் போட்ட பாதை நண்பகலில் நெளிந்து நிற்கும்.

கேள்வி: மேசைமேல் ஓடும் 16.5 மில்லிமீற்றர் பாதையிலும் மெய்யான நீராவி இயந்திரம் உண்டா?
— வாசகர், நல்லூர்

பதில்: உண்டு. ஹோர்ன்பி நிறுவனம் 2003இல் மல்லாட் என்ற புகழ்பெற்ற இயந்திரத்தின் மாதிரியை அவ்வாறு வெளியிட்டது. அதில் நெருப்பு இல்லை; தண்டவாளத்தின் வழியே வரும் மின்னால் பின்பெட்டியிலுள்ள நீர் சூடாக்கப்பட்டு, நீராவி முன்னே உருளைகளுக்குக் குழாயில் செல்கிறது. இன்று பழையதாகத்தான் கிடைக்கும், விலையும் மலிவன்று. அதற்கும் கிணற்று நீர் ஆகாது.